என்பிஏ அழைக்காதவர்கள் எங்கே போகிறார்கள்?

2008 ஜூன் 26 அன்று நியூயார்க்கில் என்பிஏ டிராஃப்ட் நடந்தது. கூடைப்பந்து உலகின் மிகப் பெரிய லீகில் உள்ள 30 அணிகள் முறைவைத்து 60 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தன. முதலில் அழைக்கப்பட்ட பெயர் டெரிக் ரோஸ். அறுபதாவது பெயர் வரை காத்திருந்தாலும் கைல் ஹைன்ஸ் என்ற பெயர் வரவில்லை.

ஹைன்ஸ் அப்போதுதான் கல்லூரி ஆட்டத்தை முடித்திருந்தார். அதன் பிறகு 16 ஆண்டுகள் கூடைப்பந்தே அவருக்குச் சோறு போட்டது. இத்தனை ஆண்டுகளில் என்பிஏயில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 2024இல் ஓய்வு பெற்றபோது, ஐரோப்பாவின் தலைசிறந்த கிளப் போட்டியான யூரோலீகை 4 முறை வென்றிருந்தார். அதன் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை 3 முறை பெற்றிருந்தார். 2010 முதல் 2020 வரையிலான பத்தாண்டின் சிறந்த அணியிலும் அவருக்கு இடம் இருந்தது.

அமெரிக்காவில் பலருக்கு இவர் பெயரே தெரியாது. ஏதென்ஸிலும் மாஸ்கோவிலும் மிலானிலும் கூடைப்பந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. இப்படி ஒரு தொழில்வாழ்க்கை எப்படி அமைகிறது? கல்லூரி மாணவர் ஒருவர் எப்படி வெளிநாட்டுக் கிளப்பின் சம்பளக்காரர் ஆகிறார்? அங்கே அவருக்கு என்ன கிடைக்கிறது, எதற்கெல்லாம் அவர் தயாராக இருக்க வேண்டும்? ஹைன்ஸின் பாதையை வைத்தே பார்க்கலாம்.

குறுகலான வாசல்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் உச்சத் தட்டான முதல் பிரிவில் ஏறக்குறைய 350 ஆண்கள் அணிகள் உள்ளன. ஹைன்ஸ் ஆடிய காலத்தில் ஓர் அணி 13 பேருக்குக் கல்வி உதவித்தொகை தரலாம். பெருக்கிப் பார்த்தால் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள். என்பிஏயின் 30 அணிகளிலும் அணிக்கு 15 பேர் என்று கணக்கிட்டால், மொத்தம் இருப்பதே 450 இடங்கள். அந்த இடங்களில் ஏற்கனவே ஆட்கள் இருக்கிறார்கள். பலர் பத்தாண்டுக்கு மேல் நகர்வதில்லை. ஆண்டுக்கு 60 பேரை அழைத்தாலும், இரண்டாம் சுற்றில் அழைக்கப்படுபவருக்கு ஒப்பந்தம் கிடைக்கும் என்ற உறுதி கிடையாது.

ஆகவே கல்லூரியில் நன்றாக ஆடும் ஒருவருக்கு என்பிஏ கிடைக்காமல் போவதுதான் வழக்கம், கிடைப்பது விதிவிலக்கு. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால், அழைக்கப்படாதவர்களைத் தோற்றவர்கள் என்று சொல்ல மனம் வராது.

உயரம் போதாத சென்டர்

நியூஜெர்சி மாநிலத்துப் பையனான ஹைன்ஸ் 2004இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் கிரீன்ஸ்பரோ வளாகத்தில் சேர்ந்தார். மைக்கேல் ஜோர்டான் படித்த சாப்பல் ஹில் வளாகம் இதே பல்கலைக்கழக அமைப்பைச் சேர்ந்ததுதான். ஆனால் கூடைப்பந்தில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. சாப்பல் ஹில்லின் ஆட்டங்களை நாடே தொலைக்காட்சியில் பார்க்கும். கிரீன்ஸ்பரோவோ சதர்ன் கான்பரன்ஸ் என்ற சிறிய பிரிவில் ஆடியது. ஸ்டீபன் கறி ஆடிய டேவிட்சன் கல்லூரியும் அப்போது அதே பிரிவில்தான் இருந்தது. ஹைன்ஸ் இருந்த நான்கு ஆண்டுகளிலும் கிரீன்ஸ்பரோ ஒருமுறைகூட மார்ச் மாதத் தேசியப் போட்டிக்குத் தகுதி பெறவில்லை. அந்தப் போட்டிதான் சிறிய கல்லூரி வீரர்களை நாடு பார்க்கும் சாளரம்.

எண்கள் என்னவோ பிரமாதமாக இருந்தன. 2007இல் அவர் தன் பிரிவின் சிறந்த வீரர். கல்லூரி வாழ்க்கை முடியும்போது 2,000 புள்ளிகள், 1,000 ரீபவுண்டுகள் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 300 பிளாக்குகள் (எதிரணி எறியும் பந்தைத் தட்டிவிடுவது) ஆகிய மூன்று எல்லைகளையும் தாண்டியிருந்தார். டிம் டங்கன், டேவிட் ராபின்சன், அலோன்சோ மோர்னிங் போன்ற விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே அதுவரை இதைச் செய்திருந்தார்கள்.

பிரச்சினை அவருடைய உயரம். 6 அடி 6 அங்குலம், அதாவது 1.98 மீட்டர். தெருவில் நடந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் ஹைன்ஸ் ஆடியது சென்டர் இடத்தில். கூடைக்கு அடியில் நின்று பந்துக்காக மோதும் இடம். 2008இல் என்பிஏ சென்டர்கள் பெரும்பாலும் 6 அடி 10 அங்குலத்துக்கு மேல் இருந்தார்கள். 6 அடி 6 அங்குலம் உள்ளவர் வெளியில் நின்று தூரத்திலிருந்து பந்தைப் போடத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. ஹைன்ஸ் அந்த வகை இல்லை. எந்தக் கட்டத்துக்குள்ளும் பொருந்தாதவரை எடுக்க யாரும் முன்வரவில்லை.

டிராஃப்டுக்கு மறுநாள்

அழைக்கப்படாத வீரருக்கு அன்று இருந்த வழிகள் மூன்று. முதலாவது, கோடைக்கால லீகில் ஆடி ஓர் அணியின் கண்ணில் படுவது. சில வாரங்களில் முடிந்துவிடும் சோதனை அது. இரண்டாவது, அமெரிக்காவிலேயே இருந்து டி லீகில் ஆடுவது. இன்று ஜி லீக் என்று அழைக்கப்படும் என்பிஏயின் வளர்ப்பு லீக் இதுதான். என்பிஏ அணிகளின் பார்வையிலேயே இருக்கலாம், ஆனால் அந்த ஆண்டுகளில் ஒரு பருவத்துக்கான சம்பளம் சுமார் 12,000 முதல் 25,000 டாலருக்குள் அடங்கிவிடும். மூன்றாவது, வெளிநாடு.

வெளிநாட்டுச் சந்தை பரந்தது. ஐரோப்பாவில் ஸ்பெயின், துருக்கி, இத்தாலி, கிரீஸ், ஜெர்மனி, பிரான்ஸ், லிதுவேனியா, அதோடு ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் இஸ்ரேல், ஆசியாவில் சீனா, ஜப்பான், தென்கொரியா, பிலிப்பைன்ஸ், அப்பால் ஆஸ்திரேலியா. ஒவ்வொரு நாட்டிலும் முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு என்று தட்டுகள். ஐரோப்பாவில் கடைசி இடம் பிடிக்கும் அணி கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்படும். அமெரிக்க லீகுகளில் இந்த வழக்கமே இல்லை. அணி இறங்கினால் வருமானமும் இறங்கும் என்பதால், பட்டியலின் அடியில் உள்ள அணியின் ஆட்டங்களும் வாழ்வா சாவா என்றே நடக்கும்.

இந்த வழி நேற்று முளைத்ததல்ல. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் நட்சத்திரம் பில் பிராட்லி, ஆக்ஸ்போர்டில் மேற்படிப்புப் படித்துக்கொண்டே மிலான் அணிக்காக ஆடி 1966இல் ஐரோப்பியக் கோப்பையை வென்றவர். பிற்காலத்தில் அமெரிக்க செனட் உறுப்பினரும் ஆனார். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் டால் பிராடி, என்பிஏ டிராஃப்டில் தேர்வாகியும் இஸ்ரேலுக்குப் போய், 1977இல் மக்காபி டெல் அவிவுக்கு அதன் முதல் ஐரோப்பியக் கோப்பையை வாங்கித் தந்தார். அன்று அது சிலர் செய்த துணிச்சல். இன்று ஒரு முழுத் தொழில்.

இறக்குமதி வீரர் என்றால் என்ன?

ஐபிஎல் பார்க்கும் நமக்கு இது எளிதில் புரியும். களத்தில் இறங்கும் பதினொருவரில் வெளிநாட்டவர் 4 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. ஆகவே அந்த 4 இடங்களில் வருபவர்கள் ஆட்டத்தைத் திருப்பிக் காட்ட வேண்டும். உலகின் பெரும்பாலான கூடைப்பந்து லீகுகளும் இப்படித்தான். தங்கள் நாட்டு வீரர்கள் வளர வேண்டும் என்பதற்காக வெளிநாட்டவர் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கிறார்கள். இத்தாலியின் முதல் பிரிவில் அண்மைக்கால விதிப்படி அதிகபட்சம் 6 பேர். இரண்டாம் பிரிவில் இன்னும் குறைவு. பிலிப்பைன்ஸில் சில கோப்பைகளில் அணிக்கு ஒரே ஒரு வெளிநாட்டவர், அவருக்கும் உயர வரம்பு. யூரோலீகில் மட்டும் இப்படி வரம்பு கிடையாது.

தென்கொரியா 2018இல் ஒரு விசித்திர விதி கொண்டுவந்தது. அணிக்கு இரண்டு வெளிநாட்டவர். ஒருவர் 200 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது, மற்றவர் 186 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. டேவிட் சைமன் என்ற அமெரிக்கரை நிற்க வைத்து அளந்தார்கள். 202 செ.மீ.யைத் தொட்டதால் அவர் வெளியேற வேண்டியதாயிற்று. லீகில் அதிகப் புள்ளி எடுத்தவர்களில் ஒருவரை உயரம் அதிகம் என்று அனுப்பியது உலகச் செய்தியானது. அடுத்த ஆண்டே விதியை நீக்கினார்கள். உயரம் போதாது என்று ஒரு நாடு விட்டுவிடுகிறது, உயரம் அதிகம் என்று இன்னொரு நாடு அனுப்பிவிடுகிறது. வெளிநாட்டில் பிழைப்பவர் அந்தந்த ஊர் விதிக்குத் தக்கபடிதான் தன் மதிப்பைக் கணக்கிட முடியும்.

வரம்பு இருப்பதால் வெளிநாட்டவர் மேல் அழுத்தமும் அதிகம். உள்ளூர் வீரர் இரண்டு ஆட்டங்களில் சொதப்பினால் ஓரமாக உட்கார வைப்பார்கள். இறக்குமதி வீரர் சொதப்பினால் அவர் இடத்துக்கு வேறொருவரைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். பருவத்தின் நடுவில் ஆள் மாற்றுவது இங்கே அன்றாடம் நடப்பது.

வெரோலியிலிருந்து ஏறிய படிகள்

ஹைன்ஸ் முதலில் போனது ரோமுக்குத் தென்கிழக்கே மலைமேல் உள்ள வெரோலி என்ற சிற்றூருக்கு. அணி இத்தாலியின் இரண்டாம் பிரிவில் இருந்தது. பெரிய கனவுகளோடு கல்லூரியை முடித்தவருக்கு இது அடிமட்டம் மாதிரித் தோன்றலாம். அவர் அங்கே இரண்டு பருவங்கள் தங்கி, இரண்டு முறையும் அந்தப் பிரிவின் கோப்பையை வென்றார்.

2010இல் ஜெர்மனியின் பாம்பெர்க் அழைத்தது. சுமார் 70,000 பேர் வாழும் பவேரிய நகரம். கூடைப்பந்துப் பைத்தியத்துக்குப் பேர்போனது. அணி யூரோலீகில் ஆடியதால், ஐரோப்பாவின் பெரிய கிளப்களின் கண்முன் ஆடும் வாய்ப்பு ஹைன்ஸுக்குக் கிடைத்தது. அந்தப் பருவத்தில் பாம்பெர்க் ஜெர்மன் லீகையும் கோப்பையையும் வென்றது. லீகின் இறுதித் தொடரில் சிறந்த வீரர் விருது ஹைன்ஸுக்கு.

வெளிநாட்டுத் தொழிலின் அடிப்படைப் பாடம் இது. முதல் ஊர் எது, முதல் சம்பளம் எவ்வளவு என்பதைவிட, முதல் பருவத்தின் ஆட்டத்தைப் பார்த்து அடுத்து யார் கூப்பிடுகிறார்கள் என்பதே முக்கியம்.

ஆட்டமே கொஞ்சம் வேறு

அமெரிக்கக் கல்லூரி வீரர் ஐரோப்பாவில் இறங்கியதும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பந்து, கூடை, பத்து பேர் எல்லாம் அதே. விதிகள் அதே அல்ல. ஹைன்ஸ் படித்த காலத்தில் கல்லூரி ஆட்டத்தில் ஓர் அணி 35 விநாடிக்குள் பந்தைக் கூடைக்கு எறிந்தால் போதும். ஐரோப்பாவில் 24 விநாடிதான். பந்தோடு முதல் அடி எடுத்து வைப்பது பற்றிய விதியும் கடுமை. 2017இல் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபா அதைத் தளர்த்தும்வரை, புதிதாக வந்த அமெரிக்கர்களுக்கு எதிராக நடுவர் விசில் அடித்துக்கொண்டே இருப்பார்.

என்பிஏயோடு ஒப்பிட்டாலும் வேறுபாடுகள் உண்டு. அங்கே ஆட்டம் 48 நிமிடம், இங்கே 40. அங்கே 6 தவறு செய்தால் வெளியே, இங்கே 5. மூன்று புள்ளிக் கோடு அங்கே 7.24 மீட்டர் வரை போகும், இங்கே 6.75. இவற்றைவிட முக்கியமானது ஒன்று. தடுப்பவர் யாரையும் குறிவைக்காமல் கூடைக்கு முன்னால் மூன்று விநாடிக்கு மேல் நிற்க என்பிஏ அனுமதிப்பதில்லை. ஐரோப்பாவில் அந்தத் தடை இல்லை. ஆகவே கூடையைச் சுற்றி எப்போதும் கூட்டம். தனியாளாக உள்ளே புகுந்து குதித்துப் போடும் அமெரிக்கப் பாணி இங்கே அடிக்கடி சுவரில் முட்டும். பந்தைப் பகிர்வதும் சொன்ன இடத்தில் நிற்பதும் பயிற்சியாளர் வரைந்த திட்டத்தை வரி பிசகாமல் செய்வதும் இங்கே விலை போகும். கல்லூரியில் 25 புள்ளி எடுத்துப் பழகியவர் பலர், 10 புள்ளி எடுத்தால் போதும் என்று சொல்லப்படும்போது மனமொடிந்து போவது இதனால்தான்.

ஹைன்ஸ் பிழைத்ததும் இங்கேதான். உயரமான ஆள் ஒருவர் வந்து சுவர்போல் நின்று, பந்து வைத்திருக்கும் சிறிய ஆளுக்கு வழி திறந்துவிடுவார். இதற்குப் பிக் அண்ட் ரோல் என்று பெயர். ஐரோப்பிய ஆட்டத்தின் உயிர்நாடி இதுதான். இதைத் தடுக்கும்போது ஏழடி சென்டர்கள் திண்டாடுவார்கள். வேகமான சிறிய ஆளை விரட்டிப் போனால் கால் ஈடுகொடுக்காது, பின்வாங்கி நின்றால் அவர் வெளியிலிருந்தே போட்டுவிடுவார். ஹைன்ஸ் சென்டர்களோடு மல்லுக்கட்டும் வலுவும் கொண்டவர், சிறியவர்களைப் பக்கவாட்டில் நகர்ந்து மறிக்கும் காலும் கொண்டவர். ஆகவே அவர் அணி, யார் யாரை மறிப்பது என்பதைத் தயங்காமல் தங்களுக்குள் மாற்றிக்கொண்டு தடுக்கலாம். டிராஃப்டில் குறையாகப் பார்க்கப்பட்ட உயரமே இங்கே அவருடைய மூலதனம் ஆனது. பின்னாளில் என்பிஏயும் உயரம் குறைந்த, எவரையும் தடுக்கத் தெரிந்த சென்டர்களைத் தேடத் தொடங்கியது. ஹைன்ஸ் அந்தக் காலத்துக்குச் சில ஆண்டுகள் முன்னால் பிறந்துவிட்டார்.

எட்டு ஆண்டு, எட்டு இறுதிக் கட்டம்

2011இல் கிரீஸின் ஒலிம்பியாகோஸ் அவரை எடுத்தது. நாடு கடன் நெருக்கடியில் தத்தளித்த நேரம். கிளப் செலவைச் சுருக்கி, விலை உயர்ந்த வீரர்கள் சிலரைப் போகவிட்டு, உள்ளூர் இளைஞர்களோடும் அதிகம் அறியப்படாத அமெரிக்கர்களோடும் பருவத்தைத் தொடங்கியது. யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

யூரோலீகின் கடைசிக் கட்டத்தில் நான்கு அணிகள் ஒரே நகரில் கூடி, ஓர் அரையிறுதி, ஓர் இறுதி என்று முடித்துவிடும். 2012 மே மாதம் இஸ்தான்புல்லில் ஒலிம்பியாகோஸ் இறுதிக்கு வந்தது. எதிரே பணபலமும் நட்சத்திரங்களும் கொண்ட சிஎஸ்கேஏ மாஸ்கோ. மூன்றாம் கால் பகுதியில் மாஸ்கோ 53க்கு 34 என்று 19 புள்ளி முன்னிலையில் இருந்தது. அங்கிருந்து ஒலிம்பியாகோஸ் அங்குலம் அங்குலமாக ஏறி வந்தது. கடைசி விநாடிகளில் மாஸ்கோவின் ராமுனாஸ் ஷிஷ்கௌஸ்கஸ் இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் தவறவிட்டார். மறுமுனையில் ஒலிம்பியாகோஸின் ஸ்பனூலிஸ் தள்ளிய பந்தை அவருடைய சக வீரர் பிரின்டெசிஸ் மிதக்கவிட்டுக் கூடைக்குள் போட்டார். கடிகாரத்தில் மீதம் 0.7 விநாடி. 62க்கு 61. அடுத்த ஆண்டு லண்டனில் ரியால் மாட்ரிட்டை வீழ்த்தி மீண்டும் கோப்பை.

அதன் பிறகு, தோற்ற மாஸ்கோவே ஹைன்ஸை அழைத்துக்கொண்டது. அங்கே 7 பருவங்கள். 2016இல் பெர்லினில் ஃபெனர்பாசேயைக் கூடுதல் நேரத்தில் வென்றார்கள்; 2019இல் ஸ்பெயினின் விட்டோரியாவில் அனடோலு எஃபெஸை வென்றார்கள். 2012 முதல் 2019 வரை ஓர் ஆண்டுகூட விடாமல் 8 முறை ஹைன்ஸ் யூரோலீகின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றில் இருந்தார். 4 முறை கோப்பை, 4 முறை அரையிறுதியில் தோல்வி.

2020இல் மிலான் சென்றார். மாஸ்கோவில் முன்பு அவரைப் பயிற்றுவித்த எத்தோரே மெஸ்ஸினாதான் அங்கே பயிற்சியாளர். மறு ஆண்டே மிலான் 29 ஆண்டுகளுக்குப் பிறகு யூரோலீகின் கடைசி நான்குக்குள் நுழைந்தது. 2022, 2023, 2024 என்று தொடர்ந்து மூன்று முறை இத்தாலிய லீகை வென்று ஹைன்ஸ் விடைபெற்றார். யூரோலீகில் மட்டும் 400க்கும் மேற்பட்ட ஆட்டங்கள்.

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கும்?

வெளிநாட்டுக் கிளப் வீரரை ஏஜென்ட் வழியாகத்தான் பிடிக்கும். ஏஜென்டுக்கு ஃபிபா உரிமம் வேண்டும். அவருடைய கட்டணத்தைப் பெரும்பாலும் கிளப்பே கொடுத்துவிடும். சம்பளம் வரி போகக் கையில் வரும் தொகையாகப் பேசப்படும். அதோடு குடியிருக்க வீடு, ஓட்டக் கார், ஊருக்குப் போய்வர விமானச் சீட்டு ஆகியவையும் வழக்கம். கையெழுத்து போட்டாலும், வந்திறங்கி மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று ஒரு வரி இருக்கும். நல்ல ஏஜென்ட் இன்னொரு வரியையும் சேர்ப்பார்: என்பிஏ அழைத்தால் இன்ன தேதிக்குள், இன்ன தொகை கட்டிவிட்டு விலகலாம்.

பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஓராண்டுக்கானவை. ஆகஸ்டில் பயிற்சி முகாம், ஜூன் வரை ஆட்டம், ஜூலையில் அடுத்த ஊர் எது என்ற கவலை. யூரோலீக் அணி என்றால் உள்நாட்டு லீகும் ஐரோப்பியப் போட்டியும் சேர்ந்து வாரத்துக்கு இரண்டு, மூன்று ஆட்டங்கள், நடுவில் விமானப் பயணம்.

இந்தத் தொழிலின் பழைய நோய் சம்பள பாக்கி. கிளப்பின் புரவலர் கைவிட்டாலோ அணி தோற்கத் தொடங்கினாலோ சம்பளம் ஒரு மாதம், இரண்டு மாதம் என்று தள்ளிப்போகும். அந்நிய நாட்டு நீதிமன்றத்தில் வழக்கு நடத்த எந்த வீரரால் முடியும்? இதற்காகவே ஃபிபா 2007இல் ஒரு நடுவர் மன்றத்தை ஏற்படுத்தியது. இன்று அது பேட் என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுகிறது. சட்டப்படி அதன் இருக்கை ஜெனீவா. எந்த ஒரு நாட்டின் சட்டத்தையும் பிடித்துத் தொங்காமல், நியாயம் எது என்று பார்த்து ஒரே நடுவர் தீர்ப்புச் சொல்வார். தீர்ப்பை மதிக்காத கிளப் புதிய வீரர்களைப் பதிவு செய்ய முடியாதபடி ஃபிபா தடை போடலாம். ஆனால் இந்த மன்றத்துக்குப் போகலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் கதவு திறக்காது.

இன்னொரு தாளும் முக்கியம். ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு மாறும் வீரர், முந்தைய நாட்டுக் கூட்டமைப்பிடமிருந்து தடையில்லாச் சான்று பெற வேண்டும். பழைய ஒப்பந்தம் முடியாமல் சண்டையில் இருந்தால் இந்தத் தாள் வராது. தாள் வராமல் களம் இறங்க முடியாது.

புதிய பாஸ்போர்ட், பழைய அரசியல்

சிலர் ஆடப்போன நாட்டின் குடிமகனாகவே ஆகிவிடுகிறார்கள். 16 வயதுக்குப் பிறகு குடியுரிமை பெற்ற ஒருவரைத்தான் ஒரு தேசிய அணி சேர்த்துக்கொள்ளலாம் என்பது ஃபிபா விதி. டிராஃப்டில் யாரும் எடுக்காத பக்னெல் பல்கலைக்கழக வீரர் ஜே. ஆர். ஹோல்டன் ரஷ்யக் குடியுரிமை பெற்றார். 2007இல் தேசிய அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பை இறுதியில், மாட்ரிட்டில், ஸ்பெயினுக்கு எதிராக வெற்றிப் புள்ளியைப் போட்டவர் அவர்தான். 60க்கு 59. பதினைந்து ஆண்டு கழித்து ஸ்பெயின் லொரென்சோ பிரவுன் என்ற அமெரிக்கருக்குக் குடியுரிமை தந்தது. சில மாதங்களில் அவரோடு அதே கோப்பையை வென்றது.

பெண்களுக்கு வெளிநாடு இன்னும் அவசியமான வருமானமாக இருந்தது. 2015இல் அமெரிக்கப் பெண்கள் லீகான டபிள்யூஎன்பிஏயின் உச்ச சம்பளமே சுமார் 1,10,000 டாலர். அதைப்போலப் பல மடங்கு தந்த ரஷ்யாவின் யெகாதெரின்பர்க் கிளப், அமெரிக்காவில் ஆடாமல் ஓய்வெடுக்கச் சொல்லி அந்த லீகின் நட்சத்திரம் டயானா டொராசிக்குப் பணம் கொடுத்தது. அவரும் அந்தப் பருவத்தைத் தவிர்த்தார். அதே கிளப்பில் ஆட 2022 பிப்ரவரியில் மாஸ்கோவில் இறங்கிய பிரிட்னி கிரைனர், பையில் கஞ்சா எண்ணெய் இருந்ததாகக் கைதாகி, டிசம்பரில் கைதி பரிமாற்றத்தில்தான் விடுதலையானார். அதே பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியது; யூரோலீக் ரஷ்யக் கிளப்களை நிறுத்திவைத்தது; வெளிநாட்டு வீரர்கள் பலர் அவசரமாக வெளியேறினார்கள். விளையாட்டு வீரர் என்பதால் அரசியல் ஒதுங்கி நிற்காது.

திரும்பி வந்தவர், வராதவர்

வெளிநாடு போய்விட்டால் என்பிஏ கதவு மூடிவிடும் என்பது உண்மையல்ல. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பி. ஜே. டக்கரை 2006இல் என்பிஏயின் டொரொன்டோ அணி தேர்ந்தெடுத்து, முதல் பருவம் முடியும் முன்பே அனுப்பிவிட்டது. அவர் இஸ்ரேல், உக்ரைன், கிரீஸ், இத்தாலி என்று சுற்றி, ஹைன்ஸ் கிளம்பிய அதே பாம்பெர்க்குக்கு 2011இல் வந்து சேர்ந்தார். அங்கே ஜெர்மன் லீகை வென்று, 2012இல் ஃபீனிக்ஸ் அணியில் இடம் பிடித்தார். 2021இல் மில்வாக்கியோடு என்பிஏ சாம்பியன். அவரும் உயரம் குறைந்தவர், தடுப்பாட்டத்தால் பிழைத்தவர்.

இன்னொரு பக்கம், லமார் பல்கலைக்கழகத்தின் மைக் ஜேம்ஸ். 2012 டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. இத்தாலியின் கீழ்ப் பிரிவு ஒன்றிலும் ஆடி, 2024இல் யூரோலீக் வரலாற்றிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் ஆனார். என்பிஏயில் சில மாதங்கள் ஆடிப் பார்த்தவர். பேர் வாங்கியது ஐரோப்பாவில்.

இப்போது மாறியிருப்பது

ஹைன்ஸ் காலத்துக் கல்லூரி வீரருக்குப் படிப்புச் செலவு தவிரப் பணம் கிடையாது. 2021 ஜூலை முதல் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து மாணவர்கள் சம்பாதிக்கலாம். 2025 முதல் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தருகின்றன. ஐரோப்பாவின் நடுத்தரக் கிளப்கள் தரும் சம்பளத்தை நல்ல கல்லூரி அணிகள் தாண்டிவிட்டன. இதனால் ஓட்டம் திசைமாறி, ஐரோப்பிய இளைஞர்கள் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் கல்லூரி வயது முடியத்தான் போகிறது. முடிந்த பிறகு என்பிஏயில் இருப்பது அதே 450 இடங்கள்தான். மற்றவர்களுக்கு வெளிநாட்டு ஏணி அப்படியே காத்திருக்கிறது.

ஆகவே ஓர் அமெரிக்க வீரரின் வாழ்க்கைக் குறிப்பைப் படிக்கும்போது, என்பிஏயில் ஆடினாரா என்று மட்டும் தேடாதீர்கள். எத்தனை கிளப்கள் மாறினார், ஒரே இடத்தில் எத்தனை பருவங்கள் இருந்தார் என்று எண்ணிப் பாருங்கள். ஆண்டுதோறும் ஆள் மாற்றும் தொழிலில் ஒரு கிளப் ஒருவரைத் திரும்பத் திரும்ப வைத்துக்கொள்கிறது என்றால், அவருடைய வேலையை அருகிலிருந்து பார்த்தவர்கள் கொடுத்த சான்று அது. கைல் ஹைன்ஸ் 16 பருவங்களில் ஆடியது ஐந்தே கிளப்களுக்கு.